இரத்தம் அமைதியாக இருக்கிறது, கண் இருக்கிறதா?
உயிரியல் மருந்துகளும் நாள்பட்ட கண் அழற்சியும்

சென்ற ஆண்டு எங்கள் கண் புறநோயாளர் பிரிவுக்கு 29 வயது இளைஞர் ஒருவர் ஐந்து மாத இடைவெளிக்குப் பின் வந்தார். ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. சேரப்பணஞ்சேரியில் நண்பர்கள் மூவருடன் வாடகை அறை. (அடையாளம் தெரியாதிருக்கும் பொருட்டுச் சில விவரங்களை மாற்றியுள்ளோம்.) இரு கண்களிலும் நாள்பட்ட யுவைட்டிஸ் இருந்ததால் இரண்டு வாரத்திற்கு ஒருமுறை அடாலிமுமாப் ஊசி போட்டுவந்தவர். இம்முறை வலக்கண்ணில் எழுத்துகள் நெளிந்து தெரிகின்றன என்றார். விழித்திரையின் நடுப்பகுதி நீர் கோத்து வீங்கியிருந்தது.

ஊசியை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டோம். அவர் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். "சி.ஆர்.பி. நார்மல்னு வந்துடுச்சு சார். அதான் சரியாயிடுச்சுன்னு நினைச்சேன்."

அவர்மீது எங்களுக்கு வருத்தமில்லை. அந்தத் தாளில் உள்ள எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை முதல் நாளிலேயே நாங்கள் விளக்கியிருக்க வேண்டும். விளக்கவில்லை. அவருடைய கண் மிக மோசமாக இருந்த காலத்திலும் சி.ஆர்.பி. இயல்பான அளவில்தான் இருந்தது. ஆகவே அது குறைந்ததும் இல்லை, கூடியதும் இல்லை. அன்று அவருக்குச் சொன்ன விளக்கத்தையே, இந்நோயுடன் வாழும் பிறருக்கும் அவர்களைப் பேணும் குடும்பத்தாருக்கும் பயன்படட்டும் என்று இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

கண்ணுக்குள் நடப்பது என்ன?

கண்ணின் வெளிச்சுவருக்கும் விழித்திரைக்கும் இடையே இரத்த நாளங்கள் நிறைந்த நடு அடுக்கு ஒன்று உண்டு. அதன் பெயர் யுவியா. அங்கு ஏற்படும் அழற்சியே யுவைட்டிஸ். முன்பகுதியில் வந்தால் கண் சிவக்கும், வலிக்கும், வெளிச்சம் கூசும். நடுவிலோ பின்புறத்திலோ வந்தால் பெரும்பாலும் வலி இராது. மிதக்கும் புள்ளிகளும் மங்கலும் மட்டுமே தெரியும். இதனால் பின்புற நோய் தாமதமாகவே எங்களிடம் வந்து சேர்கிறது.

இப்பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிவந்த கண்ணை முதலில் 'மெட்ராஸ் ஐ' என்று எண்ணுகிறார்கள். அல்லது வெல்டிங் வெளிச்சம் பட்டதால் வந்தது என்று கருதி, மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். இளைஞர் ஒருவருக்குக் காலை எழுந்ததும் இடுப்பு இறுகி, வேலை செய்யச் செய்ய வலி குறைந்து, இடையிடையே ஒரு கண் மட்டும் சிவந்து வலித்தால், அது உற்பத்தி வரிசையில் நின்றதால் வந்த முதுகுவலி மட்டும்தானா என்று ஐயுற வேண்டும். முதுகெலும்பு அழற்சிக்கும் அவ்வகைக் கண் அழற்சிக்கும் எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணு அடையாளம் பொதுவானது. இந்த அடையாளம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். எந்த மருந்தாலும் அந்த முடிவு மாறாது. அதனால் அச்சோதனையை மீண்டும் மீண்டும் செய்து பணத்தை வீணாக்க வேண்டாம்.

எல்லாக் கண் அழற்சியும் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் தவறால் வருவதன்று. 1993ஆம் ஆண்டு மதுரையில் பெருவெள்ளம் வடிந்தபின் கண் அழற்சியுடன் பலர் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வரத் தொடங்கினர். ஆராய்ந்தபோது அது எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமியின் வேலை என்று தெரியவந்தது. காசநோய், மேகநோய், அக்கி வைரஸ் ஆகியவையும் யுவைட்டிஸை உண்டாக்கும். கிருமியால் வந்த அழற்சிக்கு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை மட்டும் கொடுத்தால் கண்ணை இழக்க நேரிடலாம். முதல் இரண்டு மூன்று வருகைகளில் நாங்கள் இத்தனை சோதனைகள் கேட்பது ஏன் என்று சலித்துக்கொள்வோருக்கு இதுவே எங்கள் பதில்.

கிருமி இல்லை என்று உறுதியான பிறகே அடுத்த படிக்குச் செல்கிறோம். அழற்சியை விரைவாக அடக்க ஸ்டீராய்டு. ஆனால் நெடுங்காலம் கொடுத்தால் கண்புரை, கண் அழுத்த நோய், சர்க்கரை, எலும்புத் தேய்மானம் ஆகியவை தொடரும். ஆகவே ஸ்டீராய்டைக் குறைப்பதற்காக மெத்தோட்ரெக்சேட் அல்லது மைக்கோஃபினோலேட் சேர்க்கிறோம். இவ்விரண்டில் எது சிறந்தது என்று ஐந்து நாடுகளின் 9 மையங்களில் 216 நோயாளர்களிடம் ஒப்பிட்டு நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. தமிழகத்தின் அரவிந்த் மருத்துவமனைகளுக்கு அதில் முதன்மையான பங்கு உண்டு. ஆறு மாத முடிவில் மெத்தோட்ரெக்சேட் எடுத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்கும், மற்றதை எடுத்தவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்கும் அழற்சி கட்டுப்பட்டிருந்தது. புள்ளியியல் நோக்கில் இரண்டும் ஏறக்குறைய சமமே. மாத விலை குறைந்த மெத்தோட்ரெக்சேட்டை நாங்கள் முதலில் எழுதுவது இதனால்தான். இங்கே ஓர் எச்சரிக்கை: மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் விழுங்க வேண்டிய மாத்திரை. தவறுதலாகத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று மாத்திரை அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இம்மருந்துகளுக்கும் அடங்காத மூன்றில் ஒரு பங்கினருக்காகவே உயிரியல் மருந்துகள்.

ஒரு சங்கை மட்டும் நிறுத்துதல்

நோய் எதிர்ப்பு அணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது சைட்டோகைன் எனப்படும் சிறு புரதங்களின் மூலம். அவற்றுள் டி.என்.எஃப். என்பதை ஆலைச் சங்கு என்று கொள்ளலாம். அது ஒலித்தால் இரத்த நாளங்களின் உட்சுவர் இளகுகிறது, வெள்ளணுக்கள் திசுவுக்குள் இறங்குகின்றன, இன்டர்லூக்கின்-6 போன்ற பிற சைட்டோகைன்கள் சுரக்கின்றன. கிருமி நுழைந்தபோது சங்கு ஒலிக்க வேண்டியதுதான். நாள்பட்ட யுவைட்டிஸில் கிருமியே இல்லாதபோதும் அது ஓயாமல் ஒலிக்கிறது.

ஸ்டீராய்டு ஆலை முழுவதையும் நிறுத்துவது போன்றது. உயிரியல் மருந்தோ அந்த ஒரு சங்கை மட்டும் பொத்துகிறது. உயிருள்ள அணுக்களை வளர்த்து, அவற்றிலிருந்து எடுக்கப்படும் எதிர்பொருள் புரதம் என்பதால் இப்பெயர். புரதம் என்பதால் மாத்திரையாக விழுங்கினால் செரித்துவிடும். ஊசியாகவே போட வேண்டும். அடாலிமுமாப் டி.என்.எஃப். புரதத்தைப் பற்றிப்பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது. 217 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டே வந்தபோது, வெற்று ஊசி பெற்றவர்களில் பாதிப் பேருக்கு 13 வாரத்திற்குள் நோய் மீண்டது. அடாலிமுமாப் பெற்றவர்களில் அது 24 வாரம்வரை தள்ளிப்போயிற்று. அதே ஆண்டு அமெரிக்காவில் இந்நோய்க்கு இம்மருந்து அனுமதி பெற்றது. அதற்கு முன்பே, 2014 டிசம்பரில், உலகின் முதல் அடாலிமுமாப் ஒத்த மருந்தை இந்திய நிறுவனமான சைடஸ் வெளியிட்டது. விலை, அமெரிக்காவில் மூல மருந்துக்கு இருந்த விலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. நம் ஊர்த் தொழிலாளர்களுக்கு இதை எழுதித்தர முடிவது அதன்பின்னரே.

டி.என்.எஃப். தடுப்பு மருந்துகள் எல்லாமே கண்ணுக்கு ஒன்றல்ல. மூட்டு நோய்க்குப் பயன்படும் எட்டனர்செப்ட் யுவைட்டிஸுக்கு உதவுவதில்லை. அதைப் பெறும் சிலருக்குப் புதிதாகக் கண் அழற்சி வந்ததாகவும் பதிவுகள் உள்ளன. மூட்டு மருத்துவரிடம் ஊசி பெறுவோர் தமக்குக் கண் நோய் இருப்பதை அவரிடம் சொல்லியாக வேண்டும்.

எண்கள் எவ்வாறு மாறுகின்றன?

சி.ஆர்.பி. என்பது கல்லீரல் செய்யும் புரதம். அதைச் செய்யச் சொல்லிக் கட்டளையிடுவது பெரும்பாலும் இன்டர்லூக்கின்-6. டி.என்.எஃப். அடங்கினால் இன்டர்லூக்கின்-6 குறையும், அதனால் சி.ஆர்.பி. சில நாட்களில் இறங்கும். ஈ.எஸ்.ஆர். மெதுவாக, வாரக்கணக்கில் இறங்கும். இரத்தசோகை, கர்ப்பம், வயது ஆகியவையும் அதை மாற்றும் என்பதால் தனித்து நம்பத்தக்கதன்று.

இவ்விரண்டும் உடல் முழுவதற்குமான அளவுகள். கண்ணோ மிகச் சிறிய உறுப்பு. அதற்குள் எரியும் நெருப்பு கண்ணையே அழிக்கப் போதுமானது, ஆனால் கல்லீரலை எழுப்பப் போதாது. மூட்டு, முதுகு, குடல் ஆகியவற்றிலும் நோய் உள்ளவர்களுக்கு சி.ஆர்.பி. பயன்படும். கண் மட்டுமே பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு அது தொடக்கத்திலிருந்தே இயல்பாக இருக்கும். நம் இளைஞர் அவ்வகையினர்.

அப்படியானால் டி.என்.எஃப். அளவையே நேரடியாகச் சோதிக்கலாமே என்று படித்த குடும்பத்தார் சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் விந்தை என்னவென்றால், ஊசி தொடங்கிய பின் இரத்தத்தில் டி.என்.எஃப். அளவு சில சோதனை முறைகளில் கூடுதலாகவே தெரியும். மருந்தால் பிடிக்கப்பட்ட டி.என்.எஃப். செயலிழந்த நிலையில் நெடுநேரம் இரத்தத்தில் சுற்றுகிறது. சோதனைக் கருவி பிடிபட்டதையும் சேர்த்து எண்ணிவிடுகிறது. அந்த எண்ணைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று அஞ்சியவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். ஆயிரக்கணக்கில் செலவிட்டு இச்சோதனையைச் செய்துகொள்ள வேண்டாம்.

வெள்ளணுக்களிலும் மாற்றம் நிகழ்கிறது. அழற்சியைத் தூண்டும் டி அணு வகை குறைவதாகவும், அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள் கூடுவதாகவும் யுவைட்டிஸ் நோயாளர்களிடம் நடந்த சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஊசி ஒரு புரதத்தை வெறுமனே துடைத்தெடுப்பதோடு நிற்காமல், சமநிலையையும் ஓரளவு திருப்புகிறது என்று இதிலிருந்து கொள்ளலாம். ஆயினும் இவை ஆய்வுக்கூட அளவீடுகள். அன்றாடச் சிகிச்சையில் இவற்றைக் கொண்டு நாங்கள் முடிவெடுப்பதில்லை. சிலருக்கு ஊசி தொடங்கிய பின் ஏ.என்.ஏ. சோதனை புதிதாக நேர்மறையாக வரும். காய்ச்சலோ தோல் தடிப்போ மூட்டு வலியோ இல்லையென்றால் அதனால் மட்டும் மருந்தை நிறுத்துவதில்லை.

எங்களுக்கு உண்மையான குறியீடு கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ஸ்லிட் லேம்ப் கருவியில் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் ஒளிக்கற்றையைக் கண்ணின் முன்னறையில் பாய்ச்சி, அதில் மிதக்கும் வெள்ளணுக்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறோம். ஒன்றும் இல்லையென்றால் பூச்சியம். 6 முதல் 15 வரை இருந்தால் 1+. 50க்கு மேல் போனால் 4+. உலகெங்கும் 2005இல் வகுத்த ஒரே அளவுகோல்தான். வெயிலில் சன்னல் வழியாக வரும் ஒளிக்கற்றையில் தூசு மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுபோலத்தான் இருக்கும். பின்புறத்திற்கு ஓ.சி.டி. படம்: விழித்திரையின் தடிப்பை மைக்ரானில் அளந்து காட்டும். ஆகவே கண் நன்றாகத் தெரிந்தாலும், இரத்தம் நன்றாக இருந்தாலும், ஸ்லிட் லேம்ப் முன் தாடையை வைத்து உட்காரும் அந்த ஐந்து நிமிடத்திற்கு மாற்று இல்லை.

மருந்து சரியாகப் போய்க்கொண்டிருந்தும் அழற்சி திரும்பினால், அப்போது ஓர் இரத்தச் சோதனை மிகவும் பயன்படும். அடுத்த ஊசிக்குச் சற்று முன்னர் இரத்தத்தில் எஞ்சியுள்ள மருந்தின் அளவும், மருந்துக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்பொருளும் அதில் தெரியும். நம் உடல் இந்த மருந்தையும் வெளிப்புரதம் என்று கண்டு எதிர்க்கக்கூடும். எதிர்பொருள் மிகுந்தால் வேறு மருந்துக்கு மாற்றுவோம். எதிர்பொருள் இல்லாமல் மருந்தளவு மட்டும் குறைவென்றால் வாரம் ஒருமுறையாக நெருக்கிக் கொடுப்போம். மருந்து போதிய அளவில் இருந்தும் நோய் அடங்கவில்லையென்றால் அந்தக் கண்ணில் ஒலிப்பது வேறு சங்கு. விட்டு விட்டு ஊசி போடுவது எதிர்பொருள் உருவாக வழிவகுக்கும். மெத்தோட்ரெக்சேட்டை உடன் கொடுப்பது அதைத் தடுக்கும். 'ஊசிதான் இருக்கிறதே, மாத்திரை எதற்கு' என்று நிறுத்திவிடுவோர் இதைக் கவனிக்க.

நம் மண்ணும் காசநோயும்

ஊசிக்கு முன்னர் நாங்கள் எதற்கும் விட்டுக்கொடுக்காத ஒன்று காசநோய்ச் சோதனை. காரணம் இந்த மண்ணிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பகுதி அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தபோது, 1968இல் அம்மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதிக்கும் உலகின் மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று தொடங்கியது. லட்சக்கணக்கான கிராம மக்கள் பங்கேற்றனர். பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோய் வருவதை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்பது அதன் முடிவு. அதே ஆய்வின் தொடக்கக் கணக்கெடுப்பில், ஏறத்தாழ பாதிப் பேரின் உடலில் காசநோய்க் கிருமி ஏற்கெனவே நுழைந்திருந்தது தெரியவந்தது. நோயாக அன்று, உறங்கும் தொற்றாக. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், வடமாநிலங்களிலிருந்து வந்து நெருக்கமான விடுதிகளில் தங்கியிருப்போரும்தான் இன்று எங்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

உறங்கும் கிருமியை உடல் கொல்வதில்லை. வெள்ளணுக்களால் சுற்றி மதில் எழுப்பிச் சிறை வைக்கிறது. அந்த மதில் இடியாமல் நிற்க டி.என்.எஃப். வேண்டும். நாம் சங்கை நிறுத்தும்போது மதில்காவலரும் கலைந்துவிடுகின்றனர். இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற முதல் தலைமுறை மருந்து பயன்பாட்டுக்கு வந்தபின் 70 பேருக்குக் காசநோய் வந்ததை 2001இல் வெளியான அறிக்கை ஒன்று உலகுக்கு உணர்த்தியது. அவர்களில் பலருக்கு அது நுரையீரலுக்கு வெளியிலும் பரவியிருந்தது.

ஆகவே மார்பு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சி.டி., தோலில் போடும் மாண்டோ ஊசி அல்லது இக்ரா இரத்தச் சோதனை. ஸ்டீராய்டு மிகுதியாக எடுக்கும்போது பின்னிரண்டும் தவறாக 'இல்லை' என்று வரக்கூடும், எனவே இயன்றவரை முன்னதாகவே செய்துவிடுகிறோம். உறங்கும் தொற்று இருந்தால் ஐசோனியாசிட் ஆறு மாதமோ, வாரம் ஒருமுறையாக 12 வாரக் கூட்டு மருந்தோ தருகிறோம். அதைத் தொடங்கிக் குறைந்தது ஒரு மாதம் கழித்தே முதல் உயிரியல் ஊசி. அந்த ஒரு மாதத்தைப் பொறுத்துக்கொள்வது நோயாளர்க்குக் கடினம் என்பதை அறிவோம். ஸ்டீராய்டின் துணையால் அக்காலத்தைக் கடக்கிறோம். மஞ்சட்காமாலை பி வைரஸ் சோதனையும், குடும்பத்தில் நரம்புறை அழியும் நோய் உண்டா என்ற கேள்வியும் இப்பட்டியலில் சேரும்.

காய்ச்சல் வந்தால்

அடாலிமுமாப்புக்கு அடங்காதவர்களுக்கு, குறிப்பாக விழித்திரை நடுப்பகுதி வீக்கம் தீராதவர்களுக்கு, இன்டர்லூக்கின்-6 வழியை அடைக்கும் டோசிலிசுமாப் கொடுப்பதுண்டு. இங்குதான் நோய்க் குறியீடுகள் மிக எளிதில் ஏமாற்றும். கல்லீரலுக்குக் கட்டளை போகும் கம்பியே அறுக்கப்பட்டுவிட்டதால் சி.ஆர்.பி. பூச்சியத்தை ஒட்டி விழுந்துவிடும். கடும் நிமோனியா வந்தால்கூட அது உயராமல் இருக்கலாம். இரவில் காய்ச்சலுடன் அருகிலுள்ள மருத்துவமனைக்குச் சென்றால், பணியிலிருக்கும் மருத்துவர் சி.ஆர்.பி. பார்த்து 'தொற்று இல்லை' என்று அனுப்பிவிடும் அபாயம் உண்டு. அவர்மேல் குற்றமில்லை. நீங்கள் எந்த ஊசியில் இருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியாது. மருந்தின் பெயரும் கடைசி ஊசித் தேதியும் எழுதிய சிறு அட்டை ஒன்றைத் தருகிறோம். அதைப் பணப்பையில் வையுங்கள். உடன் தங்கியிருப்பவரிடமும் சொல்லிவையுங்கள்.

எந்த உயிரியல் ஊசியானாலும், இரண்டு வாரத்திற்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல் ஆகியவை இருந்தால் அடுத்த ஊசியைப் போடாமல் எங்களை அழையுங்கள். உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகள் கூடாது.

எவ்வளவு காலம்?

இதற்குத் திட்டமான ஒற்றை விடை எங்களிடம் இல்லை. பெரும்பாலும் ஸ்டீராய்டு இல்லாமல் ஈராண்டளவு கண் முற்றிலும் அமைதியாக இருந்தால், இடைவெளியை நீட்டிப் பார்ப்பதுபற்றிப் பேசுகிறோம். மூட்டழற்சியுடன் யுவைட்டிஸ் உள்ள குழந்தைகளிடம், கண் அமைதியான பின் அடாலிமுமாப்பை நிறுத்திப் பார்த்த ஆய்வில், நிறுத்தியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நோய் திரும்பியது. மீண்டும் தொடங்கியபோது பெரும்பாலோர்க்கு அடங்கவும் செய்தது. ஆகவே நிறுத்துவதே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்து, நாள் குறித்து, மாதம் ஒருமுறை கண்ணைப் பார்த்துக்கொண்டு நிறுத்த வேண்டும் என்கிறோம்.

நம் இளைஞர் நிறுத்தியதற்கு சி.ஆர்.பி. தாள் மட்டும் காரணமன்று என்பது பேசப் பேச வெளிவந்தது. இரவுப்பணி மாறியதில் மருத்துவமனை நாள் தவறியது. அறையில் குளிர்பதனப் பெட்டி இல்லை. ஒரு மாதச் செலவை ஊருக்குப் பணம் அனுப்புவதற்காகத் தள்ளிவைத்தார். இவை மூன்றும் நியாயமான காரணங்களே. சொல்லியிருந்தால் மூன்றுக்கும் வழி இருந்தது. ஊதியம் மாதம் 21,000 ரூபாய் வரம்புக்குள் இருப்போர் இ.எஸ்.ஐ. காப்பீட்டின் வழியாக மருந்து பெற இயலுமா என்பதை எங்கள் சமூகப் பணியாளர் விசாரித்துச் சொல்வார். ஊசியை எங்கள் செவிலியரிடமே வைத்துப் போட்டுக்கொள்ளலாம், வேலை மாறும் நேரத்தில் வந்தாலும் போதும்.

வீட்டில் வைப்பதானால் 2 முதல் 8 டிகிரி வெப்பத்தில், உறைபெட்டிக்குள் அன்றி அதன் கீழ்த் தட்டில் வையுங்கள். ஒருமுறை உறைந்த ஊசி உருகினாலும் பயன்படாது. வெளியில் எடுத்தால் எத்தனை நாள் தாங்கும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பெட்டியிலுள்ள தாளைப் பாருங்கள். சித்திரை வெயிலில் இருசக்கர வண்டியின் இருக்கைக்கு அடியில் வைத்துக் கொண்டுவர வேண்டாம். மருந்தகத்தில் தரும் தெர்மோகோல் பெட்டியிலேயே கொண்டுசெல்லுங்கள்.

அந்த இளைஞருக்கு ஊசியை மீண்டும் தொடங்கினோம். வீக்கம் வடிய மூன்று மாதமாயிற்று. அட்டவணையில் முன்பு படித்த கடைசி வரியை வலக்கண்ணால் இன்றும் அவரால் படிக்க முடியவில்லை. அதற்கு மேல் இரண்டு வரிகள் வரை படிக்கிறார். இரவுப்பணி முடிந்த காலையில், ஒன்றுவிட்ட வியாழக்கிழமைகளில் வருகிறார். வரும்போது பழைய சோதனைத் தாள்கள் அனைத்தையும் ஒரே உறையில் போட்டுக் கொண்டுவருகிறார். நீங்களும் அப்படியே கொண்டுவந்தால் எங்களுக்கு எளிதாக இருக்கும்.